திரும்ப வராத பட்டை

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆய்வு நிறுவனத்தில், புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்குச் சிறிது நேரம் பேசச் சொல்லி அண்மையில் அழைத்திருந்தார்கள். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், ஒரு ரிசல்ட் திரும்ப வரலைன்னா முதல்ல யாரைச் சந்தேகப்படணும்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நேரம் முடிந்துவிட்டதால் நானும் இரண்டு வரியில் ஏதோ சொல்லிவிட்டு இறங்கினேன். சரியான பதில் நீளமானது. கௌதமன் என்ற மாணவருக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. அவருடைய சம்மதத்துடன் இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெங்களூர் அல்சூரில் பிறந்தேன். பி.எஸ்ஸி. முடித்து ஒரு மருத்துவக் கல்லூரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சில வருடங்கள் இருந்தேன். தொண்ணூற்று ஒன்றில் பேராசிரியர் கேசவமூர்த்தியின் ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்து, பணி முடியும்வரை அங்கேயே இருந்தேன்.

அந்த ஆய்வகம் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தது. டி.என்.ஏ.யில் தனக்குரிய இடம் எது என்று ஒரு புரதம் எப்படிக் கண்டுகொள்கிறது? டி.என்.ஏ. முறுக்கிய இரட்டை இழை. எழுத்துகள் என்று நாங்கள் சொல்லும் நான்கு வகை மூலக்கூறுகள் அதற்குள் படிக்கட்டுபோல அடுக்கியிருக்கும். அந்த முறுக்கினால் இழையின் வெளிப்புறத்தில் அகலமாக ஒரு பள்ளமும் குறுகலாக ஒரு பள்ளமும் சுற்றிக்கொண்டே போகும். சில புரதங்கள் இழையைப் பிரிப்பதில்லை. தங்கள் உடலின் ஒரு பகுதியை அகலப் பள்ளத்தில் நுழைத்து, எழுத்துகளின் ஓரங்களை மட்டும் தொட்டு, வரிசையைத் தெரிந்துகொள்கின்றன. கோடிக்கணக்கான எழுத்துகளுக்கு நடுவே எட்டுப் பத்து எழுத்துகள் கொண்ட தங்கள் இடத்தில் போய் உட்காருகின்றன. பக்கத்தில் உள்ள ஜீன் வேலை செய்வதும் செய்யாததும் அதைப் பொறுத்தது. இந்தத் தொட்டறியும் வேலைக்கு முழுப் புரதமும் தேவையில்லை. தானாக மடிந்து தன் உருவத்தில் நிற்கக்கூடிய ஒரு சிறு பகுதி போதும். அதற்கு டொமைன் என்று பெயர்.

நாங்கள் எடுத்துக்கொண்டது பட்டுப்புழு. ராமநகரப் பக்கத்திலிருந்து புழுக்கள் தட்டுத் தட்டாக வரும். அவற்றின் பட்டுச் சுரப்பியில், பட்டு ஜீனுக்கு முன்னால் உள்ள ஒரு சிறு வரிசையைப் பிடித்துக்கொள்ளும் புரதம் ஒன்று இருந்தது. சுரப்பிகளை அரைத்து எடுத்த சாற்றில் அது இருப்பது தெரியும். எந்த டொமைன் அந்த வரிசையைப் பிடிக்கிறது என்பதுதான் தெரியாது.

பிடிக்கிறதா இல்லையா என்று பார்க்கும் முறை எளியது. வரிசையைக் கொண்ட சிறு டி.என்.ஏ. துண்டின் நுனியில் கதிரியக்கப் பாஸ்பரஸை ஏற்றுவோம். அதோடு புரதத்தைக் கலந்து, ஜெல் என்ற மெல்லிய பாளத்தின் வழியே மின்சாரம் செலுத்தி ஓட விடுவோம். தனியாக உள்ள துண்டு வேகமாக ஓடி அடியில் சேரும். புரதம் பிடித்த துண்டு மெல்ல நகர்ந்து மேலேயே நின்றுவிடும். ஜெல்லை உலர்த்தி எக்ஸ்-ரே ஃபிலிமை அதன் மேல் வைத்துக் கழுவினால், மேலே ஒரு கறுப்புப் பட்டை தெரியும். பட்டை வந்தது மட்டும் போதாது. புரதங்கள் டி.என்.ஏ.யில் கண்ட இடத்திலும் ஒட்டும் இயல்புடையவை. அதனால் கதிரியக்கம் ஏற்றாத அதே துண்டை ஏராளமாகக் கொட்டிப் பார்ப்போம்; புரதம் அதனிடம் போய்விட, பட்டை மறைய வேண்டும். பிறகு இரண்டு எழுத்தை மாற்றிய துண்டை அதே அளவு கொட்டுவோம். பட்டை அசையக் கூடாது. அப்போதுதான் இந்தப் புரதம் இந்த வரிசையை அறிகிறது என்று சொல்லலாம்.

கேசவமூர்த்தி மைசூர்ப் பக்கத்துக்காரர். எங்களிடம் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஃபிலிமை உட்கார்ந்து பார்க்க மாட்டார். விளக்குப் பெட்டியின் முன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நாம் அதற்குள் ஆர்வத்தில் ஏதாவது விளக்கத் தொடங்கினால் கையை லேசாக உயர்த்துவார். "ஃபிலிம் ஏனு ஹேளுத்தெ?" என்று மட்டும் கேட்பார். ஃபிலிம் என்ன சொல்கிறது? நம்முடைய அபிப்பிராயம் அவருக்கு வேண்டாம். இத்தனையாவது தடத்தில் பட்டை இருக்கிறது, இத்தனையாவதில் இல்லை என்று சொன்னால் போதும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எந்த ஆய்வகத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. ஒரு கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புமுன், அதன் முக்கியமான பரிசோதனையை ஆய்வகத்திலிருக்கும் வேறொருவர் முதலிலிருந்து செய்ய வேண்டும். உப்புக் கரைசல் முதற்கொண்டு எல்லாவற்றையும் அவரே புதிதாகத் தயாரிக்க வேண்டும். முதலில் செய்தவர் அந்த நாட்களில் நூலகத்தில் இருப்பார். ஆய்வகத்துக்குள் வர மாட்டார். நாங்கள் அதை 'இரண்டாம் கை' என்போம். யாரும் அதை அவமானமாக நினைத்ததில்லை. கேசவமூர்த்தியின் சொந்தப் பரிசோதனைக்கும் இரண்டாம் கை உண்டு. பெரும்பாலும் அந்தக் கை என்னுடையதாக இருந்தது.

கௌதமன் நீலசந்திராவிலிருந்து வந்தார். அப்பா ராஜமாணிக்கம் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அந்தத் தெருவிலிருந்து டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்த முதல் ஆள் கௌதமன்தான். என்னை முதல் நாளே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். வேகமாகப் பேசுவார், வேலையில் அவசரம் இருக்காது. பட்டுப் புரதத்தின் ஜீனிலிருந்து ஒரு சிறு பகுதியை வெட்டி, பாக்டீரியாவுக்குள் வைத்து, அந்த டொமைனை மட்டும் தனியாகத் தயாரிக்க வைத்தார். பாக்டீரியா அதைக் கட்டி கட்டியாகத்தான் கொடுத்தது. அதை யூரியாவில் கரைத்து, பிறகு லிட்டர் கணக்கில் கரைசலை மாற்றி மாற்றி ஊற வைத்து, புரதம் மெதுவாகத் தன் உருவத்துக்கு மடியும்படி செய்தார். அப்படிச் செய்ததை ஜெல்லில் ஓட்டினால் சுத்தமான பட்டை. அதே துண்டைக் கொட்டினால் மறைந்தது. எழுத்து மாற்றிய துண்டுக்கு அசையவில்லை.

கேசவமூர்த்தி ஃபிலிமின் முன் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

"டொமைன் ஒண்ணே சாகா? போதுமா?"

"சாகு சார். வேற எதுவும் வேணாம். நாம தேடினது இதுதான் சார்."

"நாம தேடினதுன்னு ஃபிலிம் சொல்லல, கௌதமா. மூணாவது லேன்ல பட்டை இருக்குன்னு சொல்லுது."

"அந்தப் பட்டைதான் சார் நாம தேடினது" என்றார் கௌதமன். கேசவமூர்த்தி சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரிப்பது அரிது.

இரண்டு வருடம் அந்தப் பட்டை தவறாமல் வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் வளாகத்தின் மறுமுனையில் எழும்பிய புதிய கட்டடத்துக்கு இடம் மாறினோம். அங்கே எல்லாம் புதியது. இதற்குள் கட்டுரை தயாராகிவிட்டது. கௌதமன் நூலகத்துக்குப் போனார். நான் இரண்டாம் கையாக இறங்கினேன்.

பாக்டீரியா வளர்த்தேன், உடைத்தேன், யூரியாவில் கரைத்தேன், ஊற வைத்தேன். ஜெல் ஓட்டினேன். அடியில் துண்டு இருந்தது. மேலே ஒன்றும் இல்லை. மறுபடி எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்தேன். ஒன்றும் இல்லை. என் கை சரியாகவே செய்தது. அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

கேசவமூர்த்தி கௌதமனை வரவழைத்து, என் முன்னால் அவரையே செய்யச் சொன்னார். அவருக்கும் வரவில்லை. அவருடைய முகம் எனக்கு நினைவிருக்கிறது. பயம் இல்லை, குழப்பம். "அக்கா, நான் எதையோ மறக்கறேன். எதை மறக்கறேன்?" என்று என்னிடமே திரும்பத் திரும்பக் கேட்டார்.

பழைய கட்டடத்தில் தயாரித்த புரதம் உறைபெட்டியில் ஒரே ஒரு குப்பியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று கௌதமன்தான் சொன்னார். நான் ஓட்டினேன். பட்டை வந்தது. பளிச்சென்று வந்தது. கௌதமன் கைதட்டினார். "பாருங்க சார்! நான் சொன்னேன்ல சார்!"

கேசவமூர்த்தி கையை உயர்த்தினார். "உன் டியூப்ல இருக்கறது பிடிக்குது. உன் முறைப்படி நாங்க செஞ்சது பிடிக்கல. நீயே செஞ்சாலும் பிடிக்கல. அப்படின்னா அந்த டியூப்ல இருந்தது என்ன?"

அந்தக் கேள்விக்கு எங்கள் எல்லோருக்கும் ஒரு பதில் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பட்டுச் சுரப்பியின் சாறு அதே உறைபெட்டியில் இருந்தது. அதில் இயற்கையான புரதம் இருக்கிறது; அது இந்த வரிசையைப் பிடிக்கும். நாட்பட்ட சாற்றில் புரதம் சிதைந்து, ஏறக்குறைய அதே உயரத்தில் ஒரு பட்டையைக் கொடுப்பதும் உண்டு. குப்பிக்குள் ஒரு சொட்டு விட்டால் போதும். கௌதமன் விட்டிருக்கிறாரா என்று பார்க்கக் குப்பியில் எதுவும் மிச்சமில்லை. இருந்ததெல்லாம் அந்த ஜெல்லில் போய்விட்டது.

"சார், என் கையால செஞ்சது சார்."

"உன் கை என்ன செஞ்சதுன்னு ஃபிலிம்ல தெரியாது" என்றார் கேசவமூர்த்தி.

பொய் என்ற வார்த்தையை அவர் ஒருபோதும் சொல்லவில்லை. கட்டுரையை நிறுத்தினார். இந்த வேலையை வைத்து ஆய்வேடு எழுத முடியாது, வேண்டுமானால் வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்கலாம் என்றார். கௌதமன் கொஞ்ச நாள் வந்து மேசையில் உட்கார்ந்திருந்தார். மற்ற மாணவர்கள் தங்கள் குப்பிகளை எடுத்து வேறு தட்டில் வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் தன் மேலங்கியை மடித்து என் மேசையில் வைத்துவிட்டு, "வரேங்க்கா" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு வரவில்லை.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு ஷைலஜா என்ற மாணவி சேர்ந்தார். ஹாசன்காரர். அப்போதுதான் எங்கள் மேசைகளுக்கு இணையம் வந்திருந்தது. பல உயிரினங்களின் புரத வரிசைகளைக் கணினியில் அடுக்கிப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. கைவிட்ட டொமைனின் வரிசையையும் அப்படித்தான் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் அச்சிட்ட தாள்களோடு வந்தார்.

"சார், இந்த நாலு சிஸ்டீனும் எல்லா பூச்சியிலயும் அதே இடத்துல இருக்கு. ஒண்ணு கூட நகரல. எதையோ பிடிச்சிட்டிருக்கு சார்."

சிஸ்டீன் என்பது புரதத்தின் கண்ணிகளில் ஒன்று. நான்கு சிஸ்டீன்கள் சேர்ந்து ஒரு துத்தநாக அணுவைப் பிடித்துக்கொள்வது பல டொமைன்களில் தெரிந்த விஷயம். அந்த அணுதான் முடிச்சு மாதிரி இருந்து டொமைனை உருவத்தில் நிறுத்தும். அது இல்லையென்றால் டொமைன் துவண்ட நூல். துவண்ட நூலால் பள்ளத்தில் நுழைந்து எதையும் தொட்டறிய முடியாது. ஆனால் எங்கள் புரதத்தில் சிஸ்டீன்களுக்கு இடையிலான தூரம் அன்று புத்தகங்களில் இருந்த எந்த வகையோடும் பொருந்தவில்லை. அதனால் துத்தநாகத்தை யாரும் நினைக்கவில்லை. எங்கள் கரைசலில் யாரும் அதைச் சேர்க்கவுமில்லை.

ஷைலஜா சேர்த்தார். பட்டை வந்தது.

ஆய்வகமே விளக்குப் பெட்டியைச் சுற்றி நின்றது. கேசவமூர்த்தி வழக்கம்போல் கைகளைப் பின்னால் கட்டி நின்றார். ஃபிலிம் என்ன சொல்கிறது என்று அவர் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி, "கௌதமனும் ஜிங்க் போடல" என்றார்.

"போடல சார்."

"ஆனா அவனுக்கு வந்தது."

பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் காலை ஒரு பிளாஸ்டிக் கேனை எடுத்துக்கொண்டு, "வாங்க" என்று என்னை மட்டும் அழைத்துக்கொண்டு பழைய கட்டடத்துக்கு நடந்தார்.

பழைய கட்டடத்தில் காய்ச்சி வடித்த நீருக்கான கலன் மொட்டை மாடியில் இருந்தது. அங்கிருந்து ஜி.ஐ. பைப் வழியாக ஒவ்வொரு அறைக்கும் குழாயில் நீர் வரும். ஜி.ஐ. பைப் என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. வடித்த நீர் தூய்மையானது; தூய்மையானதாலேயே உலோகத்தை மெல்ல அரித்துத் தனக்குள் எடுத்துக்கொள்ளும். புதிய கட்டடத்தில் மேசை மேலேயே நீர் வடிகட்டும் கருவி இருந்தது. அதிலிருந்து வந்தது வெறும் நீர். இரண்டாம் கை எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்பது விதி. உப்பு, யூரியா, ஜெல் எல்லாம் புதிதாகத்தான் செய்தோம். தண்ணீரை யாரும் ஒரு பொருளாகக் கணக்கில் எடுக்கவில்லை.

எங்கள் பழைய அறை கணக்குப் பிரிவாக மாறியிருந்தது. குழாயின் கீழே இருந்த தொட்டியில் யாரோ டிபன் பாக்ஸ் கழுவி வைத்திருந்தார்கள். மேலே இருந்த கலனை இன்னொரு துறை பயன்படுத்திக்கொண்டிருந்ததால் குழாயில் நீர் வந்தது. கேசவமூர்த்தி டிபன் பாக்ஸை நகர்த்தி வைத்துவிட்டு, கேன் நிறையும்வரை குனிந்து பிடித்துக்கொண்டார். கணக்குப் பிரிவில் இருந்தவர், "சார், குடிக்க அக்வாகார்ட் அந்தப் பக்கம் இருக்கு" என்றார். "பேடா, இதே சாகு" என்றார் இவர். வேண்டாம், இதுவே போதும்.

அந்த நீரில் நான் கரைசல்களைச் செய்தேன். துத்தநாகம் சேர்க்கவில்லை. கௌதமனின் முறையை ஒரு வரி மாற்றாமல் பின்பற்றினேன். பட்டை வந்தது. அதே துண்டுக்கு மறைந்தது, எழுத்து மாற்றிய துண்டுக்கு அசையவில்லை. மீதி நீரைச் சோதனைக்கு அனுப்பினோம். துத்தநாகம் இருந்தது.

கௌதமன் ஹெப்பகோடியில் நொதிப்பொருள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பதாகத் தெரிந்தது. போன் செய்து வரச்சொல்லலாம் என்றேன். கேசவமூர்த்தி வேண்டாம் என்றார். அவரே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஷிப்ட் விடும் நேரத்தில் தொழிற்சாலைக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றோம். கௌதமன் வெளியே வந்து எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவாரோ என்று நினைத்தேன். வந்தார். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது.

"இன்னாக்கா, ரெண்டு பேரும் இவ்ளோ தூரம்? மறுபடியும் ஏதாவது காணாமப் போச்சா?"

கேசவமூர்த்தி உறையிலிருந்து ஃபிலிமை எடுத்து நீட்டினார். "நீங்களே பாருங்க" என்றார். கௌதமனை அவர் நீங்கள் என்று அழைத்தது அதுதான் முதல் முறை.

கௌதமன் ஃபிலிமை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கடைக்காரர் டீயை வைத்துவிட்டுப் போனார்.

"என்னோட பட்டை. யாரு ஓட்டினது?"

"நான்தான்" என்றேன்.

"இன்னா போட்டீங்க?"

"ஷைலஜான்னு ஒரு பொண்ணு, ஜிங்க் போட்டதும் வந்துச்சு. ஆனா இது அது இல்ல. இதுல ஒண்ணும் போடல. பழைய கட்டடத்துத் தண்ணி மட்டும்."

அவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஃபிலிமை இறக்கினார். "பைப்பு" என்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார். "ஐயோ. பைப்பு. ரெண்டு வருசமா ஒவ்வொரு உப்பா யோசிச்சேன்க்கா. பஸ்ல யோசிச்சேன். கம்பெனில டேங்க் கழுவும்போது யோசிச்சேன். ஒருவேளை நானே எதையாவது கலந்துட்டேனோ, எனக்கே தெரியலையோன்னு கூட யோசிச்சேன்."

கேசவமூர்த்தி உட்காரவில்லை. "தப்பு என்னோடது. நீங்க திரும்பி வரணும். ஆய்வேடு முடிக்க நான் ஏற்பாடு பண்றேன். கட்டுரையில முதல் பேரு உங்களோடது."

"அது அப்புறம் பாக்கலாம் சார். நீங்க வேற ஒண்ணு செய்யணும்."

"சொல்லுங்க."

"எங்க தெருவுக்கு வந்து சொல்லணும்."

எங்கள் நிறுவனத்தின் வேன் டிரைவர் ஒருவர் நீலசந்திராவில் கௌதமனின் தெருவிலேயே குடியிருந்தார். ஆய்வகத்தில் நடந்தது அவர் வழியாகப் போயிருக்கிறது. குப்பிக்குள் ஒரு சொட்டுச் சாறு விட்டார் என்ற சந்தேகத்தை அந்தத் தெருவில் யாருக்கும் விளக்க முடியாது. அது 'ராஜமாணிக்கம் பையன் காலேஜில் ஏதோ திருடி மாட்டிக்கொண்டான்' என்று ஆகிவிட்டது. ராஜமாணிக்கம் தெருவின் பௌத்த சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர். அவரை யாரும் விலகச் சொல்லவில்லை. அவரே போவதை நிறுத்திவிட்டார். இதையெல்லாம் கௌதமன் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்.

கேசவமூர்த்தி சற்று யோசித்து, "நிறுவனத்தோட தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார்.

"எழுதி வேணாம் சார். எங்க தெருவுல யாரும் எழுதிப் பேசல. வாயாலதான் பேசுனாங்க."

ஆய்வேட்டைப் பொறுத்தவரை, கௌதமன் விடுமுறை நாட்களில் வந்து எழுதி முடித்துப் பட்டம் வாங்கினார். ஆய்வகத்துக்குத் திரும்பவில்லை. தொழிற்சாலை வேலையே பிடித்திருக்கிறது என்றார். அதெல்லாம் பின்னால்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நீலசந்திராவுக்குப் போனோம். கார் நுழைய முடியாத சந்து. முனையில் நிறுத்திவிட்டு நடந்தோம். ராஜமாணிக்கம் வாசலில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நகக்கண்களில் பெயிண்ட் இருந்தது. உள்ளே ஒரே அறை. இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். கௌதமன் சமையல் மேடைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றார்.

கேசவமூர்த்தி உட்காரவில்லை. "எனக்குத் தமிழ் அரைகுறை" என்று தொடங்கினார்.

"கன்னடத்துலயே சொல்லுங்க சார். இங்க எல்லாருக்கும் வரும்" என்றார் ராஜமாணிக்கம். பேராசிரியர் கன்னடத்திலேயே சொன்னார்.

"என் பேரு கேசவமூர்த்தி. உங்க பையன் என்கிட்ட படிச்சாரு. அவர் செஞ்ச வேலை சரி. நான் அது தப்புன்னு நினைச்சேன். அவர் எதையும் திருடல, எதையும் கலக்கல, பொய் சொல்லல. எங்க பழைய கட்டடத்துப் பைப்புலேருந்து தண்ணில ஒரு உலோகம் கலந்திருந்தது. அது இருந்தாத்தான் அவர் செஞ்சது வேலை செய்யும். புதுக் கட்டடத்துல அது இல்ல. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது நான். நான் கண்டுபிடிக்கல."

ராஜமாணிக்கம் கடைசிவரை கேட்டார். "கொஞ்சம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சந்தில் அவர் குரல் கேட்டது. "முனுசாமி, ஒரு நிமிசம் வா. யம்மா, அடுப்பை அணைச்சுட்டு வா. டேய், உங்க தாத்தாவைக் கூட்டியா."

ஆட்கள் வந்தார்கள். அறையில் இடமில்லாததால் எல்லோரும் சந்திலேயே நின்றார்கள். கேசவமூர்த்தியும் வெளியே வந்து நின்றார். ராஜமாணிக்கம், "சொல்லுங்க சார்" என்றார். கேசவமூர்த்தி தன் பெயரிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். நடுவே இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்காக மறுபடி பெயரிலிருந்து தொடங்கினார். அவர் தொடங்கியதை யாரும் தடுக்கவில்லை.

ஒரு கிழவர் காதில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "அப்போ எல்லாம் அந்தப் பைப்பு பண்ண வேலைன்றீங்கோ. அதைக் கொண்டாந்து இங்க நிறுத்துங்க சார், ஆளுக்கு ரெண்டு சாத்து சாத்தலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கௌதமனும் சிரித்தார். ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை.

வேன் டிரைவரும் வந்திருந்தார். "அண்ணா, நான் திருடன்னு சொல்லவே இல்ல. ஏதோ தப்பாயிடுச்சாம்னுதான் சொன்னேன்" என்றார்.

"நீ சொன்னது நாலு வார்த்தை. தெருமுனைக்குப் போறதுக்குள்ள அது நாப்பதாச்சு. செரி, நில்லு, நல்லா கேளு" என்றார் ராஜமாணிக்கம். பிறகு கேசவமூர்த்தியின் பக்கம் திரும்பினார். "சார், நான் படிக்காதவன். ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"அந்தப் படத்தைப் பாத்துப் பாத்துக் கேட்டீங்கன்னு பையன் சொன்னான். பையனைக் கேட்டீங்களா?"

கேசவமூர்த்தி கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். முன்னால் எடுத்துத் தொங்கவிட்டார்.

"கேட்டேன்" என்றார். "தன் கையால செஞ்சதுன்னு சொன்னாரு. நான் நம்பல."

"செரி" என்றார் ராஜமாணிக்கம். "உள்ள வாங்க. காபி ஆறிடப் போவுது."

கௌதமன் டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தார். கேசவமூர்த்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்போது சங்கத்தின் தலைவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, "இன்னா ராஜமாணிக்கம், வாசல்ல இவ்ளோ கூட்டம்?" என்று கேட்டார்.

கேசவமூர்த்தி ஒரு வாய்கூடக் குடிக்காத டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். வாசற்படியில் இறங்கி வந்து, அந்த மனிதரின் முன்னால் நின்றார்.

"என் பேரு கேசவமூர்த்தி" என்று ஆரம்பித்தார்.